டிரக் ஸ்லீப்பருக்கு டீசல் ஹீட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனடாவின் பிராம்ப்டனில் நான் வண்டி நிறுத்தும் யார்டில் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் வந்தால் ஒரே கேள்விதான். புதிதாகச் சொந்த டிரக் எடுத்த தம்பிகள் வந்து, "அண்ணே, பங்க் ஹீட்டர் எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ஜனவரியில் நீ எங்கே தூங்கப் போகிறாய்?"

அட்லாண்டாவுக்கும் டல்லாஸுக்கும் ஓடுகிறவருக்குத் தேவைப்படும் ஹீட்டர் வேறு. வட ஒன்டாரியோவில் ஹைவே 17-ல் வைட் ரிவர் பக்கமோ, ஹைவே 11-ல் ஹர்ஸ்ட், கப்பஸ்கேசிங் பக்கமோ இரவு தங்குகிறவருக்குத் தேவைப்படுவது வேறு. கம்பெனிப் பெயரெல்லாம் அப்புறம்தான். (நம் ஊரில் பங்க் என்றால் பெட்ரோல் போடும் இடம். இங்கே டிரைவர்கள் பங்க் என்பது ஸ்லீப்பரில், அதாவது சீட்டுக்குப் பின்னால் தூங்குவதற்காக இருக்கும் அறையில், உள்ள படுக்கையை. அந்தப் படுக்கைக்கு அடியில் வைக்கும் டீசல் ஹீட்டர்தான் பங்க் ஹீட்டர்.)

இதையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் விலை குறைவு என்று "5 கிலோவாட்" என எழுதியிருந்த ஒரு ஹீட்டரை வாங்கி மாட்டினேன். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அக்டோபர், நவம்பர் முழுக்க அதை மிகக் குறைந்த அளவில் ஓட்டினேன். ஜனவரியில் ஹர்ஸ்டைத் தாண்டி ஒரு இரவு, வெளியே மைனஸ் 34 டிகிரி. நடுநிசி இரண்டு மணிக்கு ஹீட்டர் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றும் பற்றவில்லை. விடியும் வரை இன்ஜினை ஓடவிட்டுப் படுத்தேன். ஊர் திரும்பிப் பிரித்துப் பார்த்தால், எரியும் அறை முழுக்கக் கரி கட்டியாகப் படிந்திருந்தது. ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

செலவுக் கணக்கு

பெரிய டிரக் இன்ஜினை ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்கும்போதே, ஓடவிட்டால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் போகும். 10 மணி நேர ஓய்வு என்றால் 30 லிட்டர். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று முழு வேகத்தில் எரிந்தாலும் மணிக்குக் கால் லிட்டர்தான். நடு அளவில் எரிந்தால் ஒரு இரவுக்கு ஒன்றரை லிட்டர் போதும். டீசல் லிட்டர் 1.50 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவுக்கு 45 டாலர் எங்கே, இரண்டேகால் டாலர் எங்கே! குளிர்காலத்தில் 40 இரவு வெளியே தூங்கினாலே ஒரு நல்ல ஹீட்டரின் விலை திரும்பி வந்துவிடும்.

டீசல் மட்டும் இல்லை. ஐட்லிங்கில் புகை சூடாக வெளியே போகாது. அதனால் புகை வடிகட்டியில் கரி வேகமாகச் சேரும், அடிக்கடி ரீஜென் (சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) கேட்கும். அந்த வடிகட்டியை மாற்ற ஆகும் செலவு தெரிந்தவர்கள் ஐட்லிங்கை விரும்பமாட்டார்கள்.

ஏபியு பற்றியும் கேட்பார்கள். தனி டீசல் இன்ஜின், ஏசி, சார்ஜர் எல்லாம் சேர்ந்தது அது. கோடையில் தென் மாநிலங்களில் அதிகம் தூங்குகிறவருக்கு அது சரி. ஹீட்டர் குளிரூட்டாது. ஆனால் ஏபியு விலை ஹீட்டரைப் போலப் பல மடங்கு, பராமரிப்பும் அதிகம். உங்கள் பிரச்சினை குளிர் மட்டும்தான் என்றால் ஹீட்டர் போதும்.

படி 1: காற்றைச் சூடாக்குவதா, கூலண்டைச் சூடாக்குவதா

டீசல் ஹீட்டரில் இரண்டு வகை உண்டு. காற்று ஹீட்டர் கேபின் காற்றை உறிஞ்சி, சூடாக்கித் திருப்பி விடும். கூலண்ட் ஹீட்டர் இன்ஜினில் ஓடும் கூலண்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, சூடாக்கும். காலையில் இன்ஜின் சிரமமில்லாமல் ஸ்டார்ட் ஆக அது உதவும்.

தூங்குவதற்கு வேண்டியது காற்று ஹீட்டர். கூலண்ட் ஹீட்டரை வைத்தும் கேபினைச் சூடாக்கலாம். ஆனால் எபர்ஸ்பேஹர் கம்பெனியின் ஹைட்ரானிக் டி5 போன்ற 5 கிலோவாட் கூலண்ட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 0.6 லிட்டர் எரிக்கும். இரும்பு மலை போன்ற ஒரு இன்ஜினைச் சூடாக்கி, அதன் மிச்சத்தில் நீங்கள் குளிர் காய்வதாகிவிடும். பேட்டரியும் அதிகம் செலவாகும்.

வடக்கே அடிக்கடி போகிறவர்கள் இரண்டையும் வைத்திருப்பது உண்டு. இரவு முழுக்கக் காற்று ஹீட்டர், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் கூலண்ட் ஹீட்டர். டிரக் ஸ்டாப்புகளில் பிளாக் ஹீட்டரை (மின்சாரத்தில் இன்ஜினைச் சூடாக்குவது) செருகப் பிளக் எப்போதும் கிடைக்காது. அதனால் இது வீண் ஆடம்பரம் இல்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் காற்று ஹீட்டரை வாங்குங்கள்.

புரொப்பேன் அடுப்பு போன்ற கையடக்க ஹீட்டரைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். கண்ணாடியெல்லாம் உறைந்துவிடும். அது கூடப் பரவாயில்லை. நீங்கள் மூச்சு விடும் அதே காற்றில்தான் அந்தத் தீயும் எரிகிறது. ஆட்கள் இருக்கும் இடத்தில் கையடக்க ஹீட்டர் பயன்படுத்துவதை அமெரிக்காவின் மத்திய வாகன விதியும் தடை செய்கிறது. பெட்டிக்குள் எல்லாம் அடங்கியதாக விற்கும் டீசல் ஹீட்டரைக் கொண்டுவந்து ஸ்லீப்பருக்குள் வைத்து, குழாயை ஜன்னல் வழியே விடுவதும் இதே கதைதான்.

படி 2: சின்ன எண்ணைப் பாருங்கள்

விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருப்பது அதிகபட்ச வெப்பம். நீங்கள் கேட்க வேண்டியது குறைந்தபட்சம்.

காரணம் இதுதான். உங்கள் குளிர்காலத்தில் மைனஸ் 30 எத்தனை இரவு? என் வழித்தடத்தில் பத்துக்கும் குறைவு. மற்ற இரவெல்லாம் ஜீரோவுக்குப் பக்கத்தில், அல்லது மைனஸ் 10. அந்த இரவுகளில் திரை போட்ட ஒரு ஸ்லீப்பருக்கு ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான வெப்பமே போதும். அப்போது ஹீட்டர் தன் மிகக் குறைந்த அளவில் மணிக்கணக்கில் எரியும். சிறிய தீ, சூடு குறைந்த எரியும் அறை, முழுதாக எரியாத டீசல். அதுதான் கரி. அறையிலும், டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பின்னைச் சுற்றியுள்ள வலையிலும் அது படிந்துகொண்டே போய், ஒரு நாள் பற்றாமல் நிற்கும். அது நிற்பது பெரும்பாலும் கடும் குளிர் இரவில்தான், ஏனென்றால் அன்றைக்குத்தான் நீங்கள் அதை முழு வேகத்துக்குத் தூக்குவீர்கள்.

பெரிய கம்பெனிகளின் எண்களை வைத்து விளக்குகிறேன். வெபாஸ்டோவின் ஏர் டாப் 2000 எஸ்டிசி 0.9 கிலோவாட்டிலிருந்து 2 கிலோவாட் வரை. எபர்ஸ்பேஹரின் ஏர்ட்ரானிக் டி2 0.85-லிருந்து 2.2 வரை. அதே கம்பெனியின் 4 கிலோவாட் டி4 கூட 0.9 வரை இறங்கும். அதாவது நல்ல வடிவமைப்பில் பெரிய ஹீட்டரும் கீழே இறங்கத் தெரிந்துவைத்திருக்கும். விலை குறைந்த பெரிய ஹீட்டர்கள் பலவற்றில் இந்தக் கீழ் எண்ணே தாளில் இருக்காது. இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

என் முடிவு: 70, 72 அங்குல ஸ்லீப்பர் வரை 2 கிலோவாட் போதும். முன் சீட்டுக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவில் இருக்கும் கனமான திரையை இழுத்து மூட வேண்டும், கண்ணாடிகளுக்கு மறைப்பு போட வேண்டும். இவ்வளவு செய்தால் மைனஸ் 30-லும் என் 2 கிலோவாட் ஹீட்டர் தாக்குப் பிடித்திருக்கிறது. திரை இல்லாமல் முன் கண்ணாடி வரை சூடாக்கப் பார்த்தால் 4 கிலோவாட்டும் திணறும். 4 கிலோவாட் யாருக்கு வேண்டும் என்றால், தனியாகக் கட்டிய 100 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய ஸ்லீப்பர் வைத்திருப்பவருக்கும், யெல்லோநைஃப் போன்ற வடபகுதிக்கு வழக்கமாக ஓடுகிறவருக்கும்.

படி 3: தாளில் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா

இது எளிய கணக்கு. ஒரு லிட்டர் டீசலுக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 10 கிலோவாட் மணி. அதற்கு மேல் எந்த ஹீட்டராலும் எடுக்க முடியாது. ஏர் டாப் 2000 மணிக்கு 0.24 லிட்டர் எரிக்கிறது. அதாவது 2.4 கிலோவாட் உள்ளே போய், 2 கிலோவாட் கேபினுக்கு வருகிறது. மீதி புகையோடு போகிறது. நியாயமான கணக்கு.

இப்போது "8 கிலோவாட்" என்று எழுதியிருக்கும் ஒரு ஹீட்டரின் தாளை எடுங்கள். அதிகபட்ச டீசல் செலவு மணிக்கு 0.5 லிட்டர் என்று போட்டிருந்தால், உள்ளே போவதே 5 கிலோவாட்தான். வெளியே 8 எப்படி வரும்? எண்ணைப் பெரிதாக அச்சடித்த ஸ்டிக்கர் அது, அவ்வளவுதான். இப்படி ஒரு கணக்கில் பொய் சொல்கிறவர் தீயை அடைத்து வைக்கும் உலோகத்தின் தரத்தில் மட்டும் உண்மையாக இருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

படி 4: பேட்டரி

ஹீட்டருக்கு டீசல் மட்டும் போதாது. விசிறி, பம்ப், கணினிப் பலகை எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். ஏர் டாப் 2000 ஓடும்போது 14 முதல் 29 வாட் வரை எடுக்கும். 10 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 12 வோல்ட்டில் 12 முதல் 24 ஆம்ப் மணி. பற்றவைக்கும் சில நிமிடங்கள் மட்டும் க்ளோ பின் 10 ஆம்ப் அளவுக்கு இழுக்கும்.

ஒரு இரவுக்கு இது பெரிய விஷயமே இல்லை. சிக்கல் வருவது ரீசெட் (ஓட்டும் நேரக் கணக்கைப் புதிதாகத் தொடங்க எடுக்கும் நீண்ட ஓய்வு) எடுக்கும்போது. கனடா விதிப்படி 36 மணி நேரம் வண்டியை நிறுத்திப்போட்டால், ஹீட்டர் மட்டுமே 87 ஆம்ப் மணி வரை தின்றுவிடும். அதோடு ஃப்ரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர். நான்கு பேட்டரி, மொத்தம் 400 ஆம்ப் மணி இருக்கிறதே என்று தோன்றலாம். மைனஸ் 20 குளிரில் ஈய பேட்டரி தன் அளவில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். அந்தப் பாதியிலும் காலையில் உறைந்த இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு மிச்சம் வேண்டும். ஆகவே நீண்ட ஓய்வில் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்ஜினை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அல்லது பிளக் கிடைக்கும் இடத்தில் நிறுத்தி சார்ஜர் போடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: மின்னழுத்தம் குறைந்தால் தானே நிற்கும் வசதி இருக்கிறதா. நல்ல ஹீட்டர் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் 12 வோல்ட் ஹீட்டர்கள் பெரும்பாலும் பத்தரை வோல்ட் பக்கம் வந்த பிறகுதான் நிற்கும். அந்த நிலைக்கு வந்த பேட்டரி இன்ஜினைச் சுற்றாது. அதனால் வண்டியில் தனியாக ஒரு வெட்டும் கருவி வைத்து, 12 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவது என் பழக்கம். அப்படி வைக்கும்போது அது ஹீட்டருக்கு "நில்" என்று கட்டளை அனுப்ப வேண்டும், மின்சாரத்தைச் சட்டென்று துண்டிக்கக் கூடாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 5: மலையும் டீசலும்

உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துவிடும். அதே அளவு டீசலுக்குக் காற்று போதாமல் மறுபடியும் கரி படியும். ஒன்டாரியோ, கியூபெக், ஓஹையோ என்று ஓடுகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஐ-80 நெடுஞ்சாலையில் வயோமிங் போகிறவர் கவலைப்பட வேண்டும். லாராமி ஊரே 2,180 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொலராடோவில் ஐ-70-ல் ஐசன்ஹோவர் சுரங்கம் 3,400 மீட்டர். கனடா ராக்கி மலைகளில் டிரக்குகள் போகும் முக்கிய நெடுஞ்சாலைகள் இவ்வளவு உயரம் போகாது. கிக்கிங் ஹார்ஸ் கணவாய் 1,627 மீட்டர்தான். 1,500 மீட்டருக்கு மேல் தங்கிப் படுக்கும் வழக்கம் உள்ளவர், காற்றழுத்தத்தை அளந்து டீசலைத் தானே குறைத்துக்கொள்ளும் மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். சில மாடல்களில் அது உள்ளேயே இருக்கும், சிலவற்றுக்குத் தனிக் கிட் வாங்க வேண்டும். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார்.

டீசல் விஷயத்தில் பலர் ஏமாறுவது இப்படி: ஜார்ஜியாவில் டேங்க் நிரப்பிக்கொண்டு நேராக வடக்கே வருவார்கள். தெற்கத்தி டீசல் கடும் குளிருக்குத் தயாரானது இல்லை, மெழுகு கட்டிவிடும். ஓடும்போது தெரியாது, ஏனென்றால் இன்ஜினிலிருந்து திரும்பி வரும் சூடான டீசல் டேங்கை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். நிறுத்திப் படுத்த பிறகுதான் ஆபத்து. ஹீட்டருக்குப் போகும் குழாயின் உள் துளை சில இடங்களில் 2 மில்லிமீட்டர்தான். வண்டிக்கு அடியில் காற்றடிக்கும் இடத்தில் அது கிடக்கிறது. முதலில் அடைபடுவது அதுவே. மிச்சிகன் தாண்டுவதற்குள் பாதி டேங்காவது வடக்கத்திக் குளிர்கால டீசலாக இருக்கும்படி திட்டமிட்டு நிரப்புங்கள். பயோடீசல் கலப்பு எவ்வளவு வரை ஹீட்டர் ஏற்கும் என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

படி 6: சட்டம்

டொராண்டோவில் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஐட்லிங் கூடாது. நியூயார்க் நகரில் 3 நிமிடம், கலிஃபோர்னியாவில் 5 நிமிடம். ஹீட்டர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை போய்விடும். ஆனால் கலிஃபோர்னியா ஒரு படி மேலே போய், 2007 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் இன்ஜின் உள்ள டிரக்கில் இருக்கும் டீசல் ஹீட்டரே குறைந்த உமிழ்வு விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு இருந்தால், கலிஃபோர்னியா அங்கீகாரம் உள்ள மாடலா என்று கேட்டு, அந்த ஒட்டுச்சீட்டு ஹீட்டரில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

லீஸ் வண்டி என்றால் தரையில் துளை போடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதே கடிதத்தை இன்சூரன்ஸ்காரருக்கும் அனுப்பிவையுங்கள்.

படி 7: கம்பெனியும் சர்வீஸும்

சரி, இப்போது கம்பெனிக்கு வருவோம். ஜெர்மனியின் வெபாஸ்டோவும் எபர்ஸ்பேஹரும் இந்தத் தொழிலில் பழையவை. எபர்ஸ்பேஹர் வட அமெரிக்காவில் நெடுங்காலம் எஸ்பார் என்ற பெயரில் விற்றதால், வயதான டிரைவர்கள் இன்றும் எந்த பங்க் ஹீட்டரையும் எஸ்பார் என்றே சொல்வார்கள். ஆட்டோடெர்ம் என்ற பெயரில் வருபவையும் உண்டு, முன்பு பிளானார் என்று விற்றவை. இவற்றுக்கு நடுவில் எது சிறந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. உங்கள் வழித்தடத்தின் வரைபடத்தை எடுத்து, எந்தக் கம்பெனியின் டீலர் எந்த ஊரில் இருக்கிறார் என்று குறித்துப் பாருங்கள். தண்டர் பே, வின்னிபெக், சூ செயின்ட் மேரி போன்ற இடங்களில் க்ளோ பின் கையிருப்பு உள்ள கடை எந்தக் கம்பெனிக்கு இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல கம்பெனி.

சந்தையில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பெயரில்லாத ஹீட்டரை வாங்கவே கூடாதா என்று கேட்பார்கள். அதில் நன்றாக ஓடுகிறவையும் உண்டு. வீட்டுக் கராஜுக்கு வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் கண்மூடித் தூங்கும் இடத்துக்கு அடியில், பொறுப்பேற்க ஒரு டீலர்கூட இல்லாத தீயை வைக்காதீர்கள்.

பழைய டிரக் வாங்கும்போது ஹீட்டர் ஏற்கெனவே இருந்தால், அது ஓடிய மணி நேரத்தையும் பழைய பிழைக் குறியீடுகளையும் டீலர் கருவியில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பற்றவைக்கும்போது ஒரு நிமிடம் லேசான புகை வருவது இயல்பு. தீ நிலைத்து எரியத் தொடங்கிய பிறகும் புகைந்தால், கரி எடுக்கும் செலவை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள்.

படி 8: பொருத்துதல்

நானே கையால் செய்பவன்தான், ஆனாலும் இதை அனுபவம் உள்ள கடையில் கொடுப்பதையே சொல்வேன். கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை இவை.

இந்த ஹீட்டருக்குள் இரண்டு காற்று ஓடுகிறது. தீக்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து வந்து, புகையாக வெளியே போகிறது. கேபின் காற்று அந்தத் தீயை அடைத்திருக்கும் உலோகக் கூட்டின் மேற்புறத்தைத் தொட்டுச் சூடாகித் திரும்புகிறது. இரண்டும் சந்திக்கவே கூடாது. ஹீட்டருக்கு அடியில் வைக்கும் ரப்பர் கேஸ்கெட் தரையோடு முழுதாகப் படிய வேண்டும். தரை வளைந்திருந்தால் அதைச் சமன் செய்த பிறகே போல்ட் முடுக்க வேண்டும். தீக்கான காற்றுக் குழாயை ஸ்லீப்பருக்குள்ளேயே திறந்து விட்டால் வேலை சுலபம் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.

புகைக்குழாய் வண்டிக்கு வெளியே, காற்றோட்டம் உள்ள இடத்தில் முடிய வேண்டும். ஸ்லீப்பர் கதவுக்கோ, காற்றுத் துளைக்கோ, இன்ஜின் காற்று உறிஞ்சும் வாய்க்கோ அடியில் கூடாது. டேங்கிலிருந்தும் பிரேக்குக்கான நைலான் காற்றுக் குழாய்களிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். அதன் வாய் முன்பக்கம் பார்க்கக் கூடாது, ஓடும்போது சேறும் பனியும் அடைத்துக்கொள்ளும். குழாய் சரிவாக இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை வேண்டும்.

டீசலை டேங்கின் மேல்புறத்திலிருந்து தனிக் குழாய் விட்டு எடுக்க வேண்டும். இன்ஜினுக்குப் போகும் குழாயில் T வடிவ இணைப்பு போட்டு எடுக்கிறவர்கள் உண்டு, காற்றுக் குமிழி வந்து ஹீட்டர் அணைந்து அணைந்து எரியும். அந்தத் தனிக் குழாயின் நுனி டேங்க் அடியிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே நிற்பது இரண்டு நன்மை தரும்: அடியில் தேங்கும் தண்ணீரை அது உறிஞ்சாது, ஹீட்டர் உங்கள் டேங்கை முழுதாகக் காலி செய்யவும் முடியாது. பம்ப் டேங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ரப்பர் பட்டையில் தொங்கவிட்டால், இரவு முழுக்க அது தட்டும் சத்தம் சட்டத்தில் ஏறி உங்கள் காதுக்கு வராது.

மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து, கையேடு சொல்லும் ஃப்யூஸோடு, தடிமனான வயரில். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்தால் க்ளோ பின் சூடாகும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்து பற்றாமல் போகும்.

ஹீட்டர் காற்று உறிஞ்சும் பக்கத்தில் துணிப்பையையோ போர்வையையோ திணிக்காதபடி ஒரு கம்பி வலைத் தடுப்பு போடச் சொல்லுங்கள். பங்க்குக்கு அடியில் இருக்கும் இடம் என்றால் நாம் எதையாவது அடைத்துவைக்கத்தான் செய்வோம். காற்று அடைத்தால் ஹீட்டர் அதிகச் சூடாகித் தானே நின்றுவிடும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம்

இது தனியாக வாங்க வேண்டிய, ஆனால் ஹீட்டர் விலையிலேயே சேர்த்து எண்ண வேண்டிய பொருள். அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூட ஹீட்டர் போடாதீர்கள். ஹீட்டர் நன்றாக இருந்தாலும் பக்கத்து வண்டியின் புகை உங்கள் கேபினுக்குள் வரலாம், பனி குவிந்து உங்கள் புகைக்குழாயை மூடலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவருக்குத் தலைவலி வந்து எழுந்திருக்கும் வாய்ப்பும் பல நேரம் கிடைக்காது.

கனடா தரச் சான்று உள்ள, பேட்டரியில் ஓடும் அலாரத்தைத் தலையணைப் பக்கம், படுத்திருக்கும்போது மூக்கு இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். பின்னால் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அலாரம் அடித்தால் முதலில் வண்டியைவிட்டு இறங்குங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். குளிர் எவ்வளவு இருந்தாலும் காரணம் தெரியும் வரை உள்ளே போகாதீர்கள். இரண்டு பேர் ஓட்டும் வண்டியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், அலாரம் அடிக்காவிட்டாலும் அதே மாதிரி இறங்கிவிடுங்கள்.

வாங்கிய பிறகு

ஹீட்டரை நிறுத்தினால் உடனே ஓயாது. விசிறி சில நிமிடம் ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றும். அந்த நேரத்தில் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால், சூடு உள்ளேயே சிக்கி மின்பலகையையும் எரியும் அறையையும் கெடுக்கும். மேலே சொன்ன வெட்டும் கருவி விஷயமும் இதனால்தான். சொந்த வண்டி என்றால் இதை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள், ரிலீஃப் டிரைவருக்கும் தெரியும்.

டீசல் போடும்போது ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும். எரிபொருள் டெர்மினல், தானியத் தூசி பறக்கும் இடம் போன்றவற்றிலும் அப்படியே.

வாரம் ஒரு முறை கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்தாவது ஓடவிடுங்கள். சிறு தீயில் படிந்த கரி பெருந்தீயில் எரிந்து போகும். கோடையிலும் மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓடட்டும், இல்லாவிட்டால் பம்பிலும் குழாயிலும் பழைய டீசல் பிசினாகி நிற்கும். நான் முன்பு சொன்ன ஹர்ஸ்ட் இரவுக்கு முன் இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தாலே அந்த மலிவு ஹீட்டர்கூட அன்றைக்குத் தாக்குப் பிடித்திருக்கக்கூடும்.

புதிதாக மாட்டிய பிறகு முதல் இரவை நெடுஞ்சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அக்டோபரிலேயே, வீட்டுக்குப் பக்கத்தில், யார்டில் நிறுத்தி ஒரு இரவு வண்டியில் படுத்துப் பாருங்கள். அலாரத்தை மாட்டிக்கொள்ளுங்கள். படுக்கும்போதும் எழும்போதும் பேட்டரி வோல்ட்டைக் குறித்துவையுங்கள். வெளியே இறங்கிப் புகைக்குழாய்ப் பக்கம் நின்று, ஹீட்டர் நிலைத்து எரியத் தொடங்கிய பின் புகை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியக் கூடாது. அப்புறம் உள்ளே வந்து படுத்து, வண்டிக்கு அடியில் பம்ப் தட்டும் சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் வேகமாகத் தட்டும். கால் மணி, அரை மணியில் தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். நீங்கள் கேட்ட சூடு கேபினுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.